6,999 ரூபாய் காது கிளிப்பும் வேகஸ் நரம்பும்

வணக்கம் மக்களே. வழக்கம்போல மொட்டை மாடி, வழக்கம்போல பின்னால் தண்ணீர் மோட்டார் சத்தம், பழகிக்கொள்ளுங்கள்.

போன தடவை செப்சிஸ் பற்றிப் பேசினோமே, கிருமியைவிட அதற்கு நம் உடம்பு காட்டுகிற எதிர்ப்பே கட்டுமீறிப்போய் ஆளைச் சாய்க்கும் என்று? அதன் கீழே ஒருவர் ஒரு லிங்க் போட்டிருந்தார். காதில் மாட்டும் கிளிப், மூளைத்தண்டிலிருந்து நெஞ்சு, வயிறு வரை இறங்குகிற வேகஸ் நரம்பைத் தூண்டுமாம், எந்தத் தொற்று வந்தாலும் உடம்பு தாங்குமாம். விலை 6,999. பக்கத்திலேயே 14,999 என்று எழுதி அடித்திருக்கிறார்கள், யாரிடம் எப்போது அந்த விலைக்கு விற்றார்களோ! சும்மா கார்ட்டில் போட்டுப் பார்த்தேன், டெலிவரிக்கு 149 தனி. சார்ஜர் தனி. ஏழாயிரம் வாங்கிவிட்டு ஒரு சார்ஜர் வைக்க மனசு வரவில்லையா? உள்ளே இருப்பது பேட்டரியும் ரெண்டு வயரும்தானே ஐயா.

எனக்கு எரிச்சல் ஏன் என்றால், இவர்கள் சுரண்டுகிற அசல் விஞ்ஞானம் அவ்வளவு பிரமாதம். நியூயார்க்கில் கெவின் ட்ரேசி என்ற நரம்பியல் அறுவை நிபுணர். அவர் குழுவினர் அழற்சியைக் குறைக்கும் மருந்து ஒன்றை எலியின் மூளைக்குள் கொஞ்சூண்டு செலுத்தினார்கள். பார்த்தால் உடம்பிலும் டிஎன்எஃப் குறைகிறது! ரத்தம் வழியாகப் போய் வேலை செய்ய அந்த அளவு போதாது. வேகஸ் நரம்பை வெட்டியதும் பலன் போய்விட்டது. அப்படியானால் சேதி நரம்பு வழியாகத்தான் போயிருக்கிறது.

ஆங், டிஎன்எஃப் என்னவென்று சொல்லவில்லையே. கிருமிகளை விழுங்கும் விழுங்கு செல்கள் கக்குகிற அழற்சிப் புரதம். அளவு மீறினால் ரத்த அழுத்தம் விழுந்து ஷாக், அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலை, கரண்ட் ஷாக் இல்லை. 1987இல் இதே ட்ரேசி, பபூன் குரங்குகளுக்கு முன்கூட்டியே டிஎன்எஃப்பை முடக்கும் ஆன்டிபாடி கொடுத்து, பாக்டீரியா ஏற்றியும் ஷாக் வராமல் தடுத்துக் காட்டியவர். 2000இல் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு கொடுத்த எலிகளின் வேகஸை மின்சாரத்தால் தூண்டினார்கள், டிஎன்எஃப் குறைந்தது, ஷாக் வரவில்லை. மூளை கையில் பிரேக் வைத்திருக்கிறது!

அந்தப் பிரேக் வயர் போகிற வழிதான் எனக்குப் பிடித்தது. வேகஸின் சேதி மண்ணீரல் நரம்புக்குப் போகிறது, அங்கே நார்அட்ரீனலின் சுரக்கிறது, அதைக் கேட்டு டி செல் என்ற வெள்ளை அணுவில் ஒரு வகை, நரம்புகள் சேதி சொல்லப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலினை விடுகிறது, அது விழுங்கு செல்லின் ஆல்ஃபா 7 ஏற்பியில் போய் ஒட்டினால் டிஎன்எஃப் உற்பத்தி குறைகிறது. நரம்பு செய்யும் வேலையை ஒரு ரத்த வெள்ளை அணு செய்கிறது என்று 2011இல் வந்தபோது, எவ்வளவு பேர் வாய் பிளந்திருப்பார்கள்!

அப்படியென்றால் செப்சிஸ் நோயாளிக்குக் கிளிப்பை மாட்டிவிடலாமே? அங்கேதான் சிக்கல். எலிக்கு எண்டோடாக்சின் எப்போது கொடுத்தோம் என்று நமக்குத் தெரியும், நோயாளி வரும்போது அழற்சிப் புயல் பாதி கடந்திருக்கும். 1990களில் டிஎன்எஃப் தடுப்பு மருந்துகளைச் செப்சிஸ் நோயாளிகளிடம் சோதித்தார்கள், எதிர்பார்த்த பலன் இல்லை. அதே வகை மருந்து முடக்குவாதத்தில், அதாவது உடம்பின் எதிர்ப்பே மூட்டுகளைத் தாக்கும் நோயில், ஓஹோ என்று ஓடுகிறது. உயிருள்ள கிருமி உள்ளே இருக்கும்போது எதிர்ப்பை அடக்கினால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம்.

இன்னொன்று, 2025 ஜூலையில் அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்டிஏ, ஒரு வேகஸ் தூண்டி கருவிக்கு அனுமதி கொடுத்தது உண்மை. அது கழுத்தில் அறுவை செய்து வைப்பது, முடக்குவாதத்துக்கு மட்டும். லிங்க் போட்ட அண்ணா, உங்கள் கிளிப் அதன் ஒன்றுவிட்ட தம்பிகூட இல்லை.

அடுத்த வீடியோ மூளைத்தண்டு பற்றி. பேச்சு நீளும், டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.