கிணற்றடியில் ஒரு வகுப்பு

பேராசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பல்கலைக்கழகமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்து சூழலைப் பேணுவது பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். சிறுமலை அடிவாரத்தில், சின்னாளப்பட்டியை அடுத்து, மருத்துவர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் காந்திகிராமம் என்ற ஊர்ப்பணி அமைப்பைத் தொடங்கினார்கள். உயர்கல்வி தரும் கிராமிய நிறுவனம் அங்கே 1956இல்தான் எழுந்தது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. ஊர்ப்பணி முந்தியும் பட்டம் பிந்தியும் வந்த இந்த வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன். மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பயில்வது அங்கே பாடத்திட்டத்திலேயே இடம்பெற்றது.

நாடு முழுவதற்குமாக, காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் நடைமுறை. அந்த ஏழு நாட்களில் ஊரைப் பற்றி நான் கற்றது ஏராளம். ஆனால் எட்டாம் நாள் ஊரில் என்ன நடக்கும் என்று எங்களில் ஒருவரும் எண்ணிப்பார்க்கவில்லை. கண்மாய்க் கரையில் நாங்கள் வரிசையாக நட்ட கன்றுகளைப் பார்க்க மறு கோடையில் போனபோது முட்டுக்குச்சிகள் மட்டுமே நின்றன. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "யாரு தண்ணி ஊத்துவான்னு ஒரு வார்த்த கேக்கலையே, தம்பி" என்றார். இத்தனை ஆண்டுகளாகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

மாணவர் மூன்றாண்டில் போய்விடுவார். ஊர் அங்கேயே இருக்கும். ஆகவே ஆள் மாறினாலும் அறுபடாத ஒரு வேலையை நாம் தேர்ந்துகொள்ள வேண்டும். கிணற்று நீர்மட்டத்தை அளப்பது அத்தகையது என்பது என் துணிபு. மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது என்றாலும், அதன் கண்காணிப்புக் கிணறுகள் தொலைவு தொலைவாக அமைந்தவை. ஓர் ஊரின் மேட்டுக்காட்டுக் கிணறு வற்றுவதையும் கண்மாய்க்குக் கீழுள்ள கிணறு ஊறுவதையும் அவை தனித்தனியே காட்டமாட்டா. ஓர் அளவு நாடாவும் ஒரு குறிப்பேடும் இருந்தால், முதலாண்டு மாணவர் இருவர் மாதம் ஒரு முறை இருபது கிணறுகளை அளந்துவிடலாம். எந்தக் கிணறு எந்த மழைக்கு ஊறும், எந்த வாய்க்கால் எப்போது தூர்ந்தது என்பதைக் கிணற்றுக்காரரிடமிருந்தே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அந்த அறிவு நம் ஆய்வகங்களில் கிடைக்காது.

தமிழ்நாட்டில் உலக நீர் நாளான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. அந்த அளவுகளை மாணவர்கள் அங்கே ஊரார் முன் தமிழில் படிக்கட்டும். எந்த வரத்து வாய்க்காலை முதலில் தூர்வாருவது என்று சபையே தீர்மானம் போடட்டும். இதற்கு மதிப்பெண் வழங்கத் துறைத்தலைவர்கள் முன்வர வேண்டும். குறிப்பேட்டின் ஒரு படி துறையிலும், மூலம் ஊராட்சி அலுவலகத்திலும் இருக்கட்டும். படிப்பை முடிப்பவர் அடுத்து வருபவரைக் கிணற்றுக்காரரிடம் நேரில் அழைத்துப்போய் அறிமுகப்படுத்திவிட்டுப் போகட்டும்.