மங்களம் பாடிய பிறகும்

எல்லோருக்கும் வணக்கம்.

நம் கச்சேரியில் மங்களம் பாடியாயிற்று என்றால் கச்சேரி முடிந்தது. மேற்கத்திய ராக் இசையில் அந்த மங்களத்தையே ஊர் ஊராகப் போய் இரண்டு மூன்று வருஷம் பாடுவார்கள். ‘இதுதான் எங்கள் கடைசிச் சுற்றுப்பயணம்’ என்று அறிவித்ததும் டிக்கெட் பறந்துவிடும். சில வருஷம் கழித்து அதே ஆட்கள் திரும்பவும் மேடையில் நிற்பார்கள். இது ஏமாற்று வேலை என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிளாக் சபத் என்ற ராக் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் கதை தெரிந்த பிறகு அப்படிச் சட்டென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1992இல் அவர் விடைபெற்றபோது வயது 43. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பயணத்துக்கு ‘நோ மோர் டூர்ஸ்’ என்றே பெயர் வைத்தார். அப்புறம்தான் அந்த நோய் இல்லை என்று தெரிந்தது. 1995இல் திரும்பி வந்தார். சாகப்போகிறோம் என்று பயந்து விடைபெற்றவர் உடம்பு சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் பாட வந்தால், அதைப் பொய் என்று எப்படிச் சொல்வது?

2018இல் இரண்டாவது முறையாக விடைபெறும் பயணம் தொடங்கினார். மறு வருஷம் வீட்டில் விழுந்ததில் பழைய கழுத்துக் காயம் பெரிதாகி, அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சை. பார்க்கின்சன் நோய் இருப்பதை 2020இல் வெளியே சொன்னார். பயணம் செய்ய உடம்பு இடம் கொடுக்கவில்லை என்று 2023இல் ஒத்துக்கொண்டார். கவனியுங்கள், விட்டது பயணத்தைத்தான், பாட்டை அல்ல.

2025 ஜூலை 5. இங்கிலாந்தில் பர்மிங்காமின் வில்லா பார்க் கால்பந்து மைதானம். ஆஸி வளர்ந்த ஆஸ்டன் பகுதியில், பழைய வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். மேடையின் அடியிலிருந்து ஒரு கறுப்பு சிம்மாசனம் எழுகிறது. அதில் உட்கார்ந்தபடியே பாடுகிறார். நிற்க முடியவில்லை. மனைவியை ‘அம்மா’ என்று கூப்பிட்டு வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லும் பாட்டில் குரல் தடுமாறுகிறது, கூட்டம் அதைத் தாங்கிக்கொண்டு பாடுகிறது. பிளாக் சபத் குழுவின் பழைய நால்வரும் பல வருஷம் கழித்து அன்றுதான் சேர்ந்து வாசித்தார்கள். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று, ஆஸி இறந்துபோனார்.

சரி, எல்லோரையும் இப்படி மன்னித்துவிடலாமா? முடியாது. மாட்லி க்ரூ என்ற அமெரிக்க ராக் குழு 2014இல் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்திட்டது. 2015க்குப் பிறகு அந்தப் பெயரில் சுற்றுப்பயணம் கிடையாது என்பதுதான் ஒப்பந்தம். அதைக் காட்டி டிக்கெட் விற்றார்கள். 2019இல் அந்த ஒப்பந்தத்தை வெடி வைத்துத் தகர்க்கும் வீடியோவை வெளியிட்டு, 2022இல் மறுபடி கிளம்பினார்கள். இசைத்தட்டில் வருமானம் வற்றிவிட்டது, மேடைதான் சோறு போடுகிறது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் கடைசித் தடவை பார்த்துவிட வேண்டும் என்று கடன் வாங்கி வந்தவனுக்கு அந்தக் கையெழுத்துதானே வாக்கு? அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

ஆங்கிலேயப் பாடகர் எல்டன் ஜான் இதில் நேர்மையாக நடந்துகொண்டார் என்பேன். சுற்றுப்பயணம் மட்டுமே முடிகிறது என்று சொன்னார். 2018இல் தொடங்கி 330 மேடை ஏறி, 2023 ஜூலையில் ஸ்டாக்ஹோமில் முடித்தார். பிறகு எப்போதாவது பாடினாலும் யாருக்கும் வாக்கு மீறியதாகாது.

ஃபில் காலின்ஸைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். உலகம் கொண்டாடிய டிரம்ஸ் கலைஞர். 2011இல் ஓய்வை அறிவித்தவர், 2017இல் திரும்பி வந்தார். 2022 மார்ச் 26 அன்று லண்டன் ஓ2 அரங்கில் அவருடைய ஜெனிசிஸ் குழுவின் கடைசிக் கச்சேரி. முதுகுத்தண்டுப் பாதிப்பால் கையில் குச்சி நிற்காது. நாற்காலியில் உட்கார்ந்து பாட்டு மட்டும் பாடுகிறார். பின்னால், ஒரு காலத்தில் அவருடையதாக இருந்த இடத்தில், அவர் மகன் நிக் டிரம்ஸ் வாசிக்கிறான். அவனுக்கு அப்போது இருபது வயது.