“ஆர் சொன்னது?” என்று கேட்க முன்

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் பிழையை ஒருவர் சொன்னால் அதை எப்படிக் கேட்பது என்று இன்று பார்ப்போம்.

சபைக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடிகிறது. பின்வாங்கிலிலிருந்து ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை எழும்புகிறாள். “ஐயா, அறுப்பின் பண்டிகையில் ஏலம் போன நெல்மூட்டைக் காசு வரவில் இல்லையே?” பொருளாளரின் முகம் மாறுகிறது. “பிள்ளை, இதை உமக்கு ஆர் சொல்லித் தந்தது?”

காசைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? சொன்ன ஆளைத்தான் தேடுகிறார்.

அவர் கெட்ட மனிதர் அல்ல. வன்னியில் நாங்கள் இடம்பெயர்ந்து மரத்தடியில் ஆராதனை வைத்த நாட்களில் சபையைச் சிதறாமல் காத்தவராக இருப்பார். திரும்பி வந்து கோயிலுக்குக் கூரைத்தகரம் தேடி அலைந்தவராக இருப்பார். அந்த உழைப்பே சிலவேளை காதை அடைத்துவிடுகிறது.

யூதாவின் ராஜா ஆசாவைப் பாருங்கள், வேதாகமத்தில் இரண்டாம் நாளாகமம் 14 முதல் 16 வரை. எத்தியோப்பியனான சேரா பெரும்படையோடு வந்தபோது கர்த்தரை நம்பி வென்றவர். விக்கிரகம் வைத்த குற்றத்துக்காகத் தாய் மாகாளையே ராஜாத்தி ஸ்தானத்திலிருந்து விலக்கியவர். அப்படிப்பட்டவர், தமது 36ஆம் ஆண்டில் இஸ்ரவேலின் ராஜா பாஷா யூதாவுக்கு எதிராக ராமா என்ற ஊரைக் கட்டத் தொடங்கியதும், ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்து, பாஷாவைத் தாக்கும்படி சீரியா ராஜா பெனாதாத்துக்கு அனுப்புகிறார். திட்டம் பலித்தது! பாஷா வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டான். பலித்த காரியத்தில் பிழை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஞானதிருஷ்டிக்காரனாகிய, அதாவது தீர்க்கதரிசியாகிய அனானி வந்து, “கர்த்தரைச் சார்ந்துகொள்ளாமல் சீரியா ராஜாவைச் சார்ந்துகொண்டீர்” என்கிறார். ஆசா அவரைக் காவலறையில் போடுகிறார். அதோடு நிற்கவில்லை, அதே காலத்தில் ஜனங்களிலும் சிலரைக் கொடுமையாய் நடத்தினார் என்று எழுதியிருக்கிறது. சொன்னவர்மேல் வந்த கோபம் வீட்டிலுள்ளவர்மேலும் போவதை நாங்களும் அறியாதவர்கள் அல்ல.

சரி, என்ன செய்வது? யாராவது பிழை சொன்னால் முடியும்வரை பேசவிடுங்கள். பிறகு அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லி, “நீங்கள் சொல்வது இதுதானே?” என்று கேளுங்கள். பாதிச் சண்டை பிழையாக விளங்கியதால் வருவது. அன்றிரவே வாட்ஸ்அப்பில் பதில் போடாதீர்கள். எழுதி வையுங்கள், மறுநாள் வாசியுங்கள். நாலில் ஒரு பங்குதான் உண்மை என்றாலும் அந்தப் பங்கை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். மிச்சத்தைப் பற்றிப் பிறகு கதைக்கலாம்.

ஒப்புக்கொள்ளும்போது “ஆனால்” வேண்டாம். தீர்க்கதரிசி சாமுவேல் கண்டித்தபோது சவுல் ராஜா, “நான் பாவஞ்செய்தேன்” என்றார். அதே மூச்சில், மூப்பர் முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று சாமுவேலைக் கேட்டார். தம்மைக் கண்டித்த தீர்க்கதரிசி நாத்தானின் முன் தாவீது ராஜா, “நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். இன்னொன்று, அழுது புலம்பாதீர்கள். திருத்த வந்தவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும், விஷயம் அப்படியே கிடக்கும். கணக்கைச் சபையில் வாசித்திருந்தால் திருத்தத்தையும் சபையில் வாசியுங்கள். தனியே நடந்ததைத் தனியே தீருங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். அந்தியோகியாவில் பவுல் பேதுருவைக் கண்டித்ததை விரிவாகச் சொல்ல இருந்தேன், கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தை வீட்டில் வாசியுங்கள். பொய்க் குற்றச்சாட்டு வந்தால்? தாழ்மை என்று வாய்மூடி ஏற்க வேண்டியதில்லை. பிரதான ஆசாரியன் முன் அறை வாங்கிய இயேசுவும், தகாததைப் பேசியிருந்தால் அதை ஒப்புவி, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். யோவான் 18:23. நன்றி, வணக்கம்.