அபராதச் சீட்டும் மூன்று பேர் மேசையும்

அவையோருக்கு வணக்கம்.

போதைப்பொருளோடு பிடிபட்டவரைச் சிறைக்கு அனுப்பாமல் விட்டால் என்ன ஆகும்? இந்தப் பேச்சு எழுந்தாலே ஒரு சாரார் போர்ச்சுகலைக் காட்டுவார்கள், மறு சாரார் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைக் காட்டுவார்கள். சொந்த உபயோகத்துக்கென்று குற்றமாக்காமல் விட்ட ஹெராயின் அளவு இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரு கிராம்தான். விற்றால் இரண்டு இடத்திலும் குற்றம். பிறகு ஏன் ஒன்று இருபது ஆண்டு தாண்டியும் நிற்கிறது, மற்றது மூன்றரை ஆண்டில் சுருண்டது? போலீஸ்காரர் ஒருவரை நிறுத்திய அடுத்த நிமிடத்திலிருந்து பாருங்கள்.

போர்ச்சுகலில் 2001 ஜூலை 1 முதல் நடப்பது இது. பொட்டலத்தைப் பறிமுதல் செய்துவிட்டு, ஆளை மாவட்ட ஆணையத்துக்கு அனுப்புகிறார்கள். மேசையில் மூன்று பேர் இருப்பார்கள். ஒருவர் சட்டம் படித்தவர். மற்ற இருவர் மருத்துவம், உளவியல், சமூகப் பணி போன்ற துறைக்காரர்கள். இவர் எப்போதாவது தொடுபவரா, அடிமைப்பட்டவரா என்று பிரிப்பதுதான் அவர்களின் முதல் வேலை. முதல்முறை சிக்கிய, அடிமைப்படாத ஆளென்றால் நடவடிக்கையை நிறுத்திவைத்து அனுப்பிவிடுவார்கள். அடிமைப்பட்டவர் சிகிச்சைக்குச் சம்மதித்தால் அப்போதும் நடவடிக்கையை நிறுத்திவைப்பார்கள். அவருக்கு அபராதம் போட அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. போட்டால் அந்தக் காசுக்கு அவர் எங்கே போவார்?

ஓரிகனில் 2020 நவம்பரில் 58 சதவீதம் பேர் வாக்களித்து நிறைவேற்றிய சட்டம், 2021 பிப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அங்கே மேசை இருக்கவில்லை, அபராதச் சீட்டுதான். 100 டாலர் அபராதம். ஒரு தொலைபேசி எண்ணை அழைத்து உடல்நலக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் அதுவும் தள்ளுபடி. கட்டாமலும் அழைக்காமலும் இருந்தால்? ஒன்றும் நடக்கவில்லை. முதல் 15 மாதத்தில் வந்த அழைப்புகள் 119. அழைப்பு ஒன்றுக்கு 7,000 டாலருக்கு மேல் செலவானதாக மாநிலத் தணிக்கை சொன்னது. சிகிச்சைக்கு ஒதுக்கிய 30 கோடி டாலரில் பெரும்பகுதி கைக்கு வந்து சேர 2022 கடைசி ஆகிவிட்டது.

அதே சமயத்தில்தான் அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில், ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமான ஃபெண்டனில் என்ற போதைப்பொருள் வந்து இறங்கியது. சாவு எண்ணிக்கை ஏறியது. பழி சட்டத்தின் மேல் விழுந்தது. ஃபெண்டனில் வரவையும் கணக்கில் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2024-ல் வெளியானது. சட்டத்துக்கும் சாவுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. அதற்குள் அரசியல் முடிந்துவிட்டது. 2024 செப்டம்பர் 1 முதல் வைத்திருப்பது மறுபடி குற்றம், 180 நாள் வரை சிறை.

ஓரிகனின் பெரிய நகரமான போர்ட்லாந்தில் வீடற்றோர் நடைபாதையில் போட்ட கூடாரங்களுக்கும் இந்தச் சட்டமே காரணம் என்றார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. மேற்கு வர்ஜீனியாவைப் பாருங்கள். அளவு மீறிய போதையால் வரும் சாவு விகிதத்தில் அமெரிக்காவிலேயே முன்னணியில் இருக்கும் மாநிலம். வீடற்றோர் விகிதமோ குறைவு. அங்கே வாடகை மலிவு. போதை ஒருவரைத் தள்ளிவிடும் என்பது உண்மை, ஆனால் விழுகிறவர் தெருவில் விழுவாரா, அண்ணன் வீட்டுத் திண்ணையில் விழுவாரா என்பதை வாடகைதான் தீர்மானிக்கிறது.

கூடாரத்தில் இருந்துகொண்டு சிகிச்சை எடுப்பது எப்படி என்று யோசியுங்கள். ஹெராயின், ஃபெண்டனில் போன்ற ஓபியாய்டு வகைப் போதையிலிருந்து மீளக் கொடுக்கும் மருந்து புப்ரெனார்ஃபின், நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை. உடம்பில் ஓபியாய்டின் அளவு குறைந்து, நடுக்கமும் வாந்தியும் தொடங்கிய பிறகே முதல் டோஸ் போட வேண்டும். முந்திக்கொண்டால் அந்த வேதனை ஒரே அடியாகக் கிளம்பிவிடும். அதை ஒருமுறை பட்டவர் மறுபடி அந்த மாத்திரையைத் தொடத் தயங்குவார். ஃபெண்டனில் கொழுப்பில் தங்கி மெதுவாக வெளியேறுவதால், தொடர்ந்து எடுத்தவர் ஹெராயின்காரரைவிடக் கூடுதல் நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். அத்தனை மணி நேரத்தையும் கழிப்பறை இல்லாமல், மழையில், பக்கத்துக் கூடாரத்தில் புகை எழும்போது கழிக்க வேண்டும். தாண்டிவிட்டாலும் மாத்திரையைப் பூட்டிவைக்க இடமில்லை, திருடு போகும். அதே சிகிச்சைக்கான இன்னொரு மருந்தான மெத்தடோன் என்றால் தொடக்கத்தில் பெரும்பாலும் தினமும் காலையில் கிளினிக் வரிசையில் நிற்க வேண்டும். நிற்கப் போகும் நேரத்தில் நகராட்சி வண்டி வந்து கூடாரத்தை அள்ளிப் போனால், அடையாள அட்டையும் அதோடு போய்விடும்.