ஆஸ்துமாவுக்கு அசிடிட்டி மாத்திரை உதவுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

இரவு இரண்டு மணிக்கு இருமலோடு எழுந்து உட்காருகிறவர்களை மனதில் வைத்துத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். அவர்களுக்கு ஆஸ்துமா இருக்கிறது, இன்ஹேலரும் எடுக்கிறார்கள், ஆனாலும் இளைப்பு அடங்குவதில்லை. இப்படி வருகிறவர்களுக்கு நெஞ்செரிச்சல் மாத்திரை ஒன்றையும் சேர்த்து எழுதிக் கொடுப்பது மருத்துவர்களிடையே ரொம்ப நாள் வழக்கமாக இருந்தது. “எனக்கு நெஞ்செரிச்சலே கிடையாதே டாக்டர்” என்பார்கள். “உங்களுக்குத் தெரியாமலே அமிலம் மேலே வரும்” என்போம். நானும் அப்படிச் சொல்லிக் கொடுத்தவன்தான். முழு மனதோடு நம்பித்தான் கொடுத்தேன்.

நம்புவதற்குக் காரணங்களும் இருந்தன. வயிறு முட்டச் சாப்பிட்டால் இளைப்பு கிளம்பும் என்று வில்லியம் ஆஸ்லர் என்ற பெரிய மருத்துவர் 1892-லேயே எழுதிவிட்டார். மூச்சுக்குழாய், உணவுக்குழாய் இரண்டுக்கும் வேகஸ் என்ற ஒரே நரம்பிலிருந்துதான் கிளைகள் போகின்றன. உணவுக்குழாயின் அடியில் அமிலம் பட்டால் அந்த நரம்பு வழியாகவே மூச்சுக்குழாய் இறுகலாம். இல்லையென்றால், படுத்திருக்கும்போது தொண்டை வரை ஏறிய அமிலம் துளித்துளியாக மூச்சுக்குழாய்க்குள் கசியலாம். ஆஸ்துமா உள்ளவர்களிடம் அமில எதுக்களிப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதும் உண்மை.

ஆனால் எது எதைக் கொண்டுவருகிறது? மூச்சு இறுகும்போது நுரையீரல் காற்றால் உப்பி, உதரவிதானத்தைக் கீழே அழுத்துகிறது. காற்றை இழுக்கப் பாடுபடும்போது மார்புக்குள் அழுத்தம் குறைகிறது. வயிற்றில் இருப்பது மேலே வரப் பார்க்கிறது. தியோஃபிலின் போன்ற சில ஆஸ்துமா மருந்துகளே இரைப்பையின் மேல்வாயில் இருக்கும் தசையைத் தளர்த்திவிடும். அதாவது ஆஸ்துமாவாலேயே எதுக்களிப்பு வரலாம். அப்படியானால் அமிலத்தைக் குறைத்து ஆஸ்துமாவுக்கு என்ன ஆகப்போகிறது?

இதை அனுபவத்தை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. ஆஸ்துமா ஏறி இறங்குகிற நோய். இருப்பதிலேயே மோசமான வாரத்தில்தான் நோயாளி மருத்துவரிடம் வருவார். எதையும் கொடுக்காவிட்டாலும் பலர் அடுத்த மாதம் கொஞ்சம் தேறியிருப்பார்கள். நடுவில் ஒரு மாத்திரை கொடுத்திருந்தால் பெயர் அந்த மாத்திரைக்குப் போய்விடும். அதனால்தான் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்க நுரையீரல் சங்கத்தின் ஆஸ்துமா ஆய்வு மையங்கள் அதைச் செய்தன. முடிவு 2009 ஏப்ரலில் வெளிவந்தது. இன்ஹேலர் ஸ்டீராய்டு எடுத்தும் ஆஸ்துமா அடங்காத, ஆனால் நெஞ்செரிச்சல் இல்லாத அல்லது மிகக் குறைவாக இருந்த 412 பேரைச் சேர்த்தார்கள். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல முடிவு செய்தார்கள். ஒரு பாதிக்கு எசோமெப்ரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரை 40 மில்லிகிராம், தினமும் இரண்டு வேளை. மறு பாதிக்கு அதே மாதிரி தோற்றத்தில் வெற்று மாத்திரை. யார் எதை எடுக்கிறார்கள் என்பது நோயாளிக்கும் தெரியாது, அவரைப் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. இப்படி 24 வாரம். காலையில் கருவியில் ஊதிப் பார்க்கிற மூச்சின் அளவு இரண்டு நாள் தொடர்ந்து 30 சதவீதம் இறங்கினாலோ, இளைப்புக்காக அவசரமாக மருத்துவரிடம் ஓட நேர்ந்தாலோ, ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்பட்டாலோ அதை ஒரு பின்னடைவு என்று குறித்துக்கொண்டார்கள்.

கணக்குப் பார்த்தபோது, ஒருவருக்கு ஆண்டுக்கு மருந்துக் குழுவில் 2.5 பின்னடைவு, வெற்று மாத்திரைக் குழுவில் 2.3. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இரவில் விழிப்பதிலும், மூச்சின் அளவிலும் அதே கதைதான்.

சரி, உண்மையிலேயே அமிலம் ஏறுகிறவர்களுக்காவது பலன் இருந்திருக்குமே என்று தோன்றும். அதையும் விடவில்லை. மூக்கு வழியாக மெல்லிய குழாயை உணவுக்குழாய்க்குள் இறக்கி, 24 மணி நேரம் அமிலத்தை அளந்தார்கள். சுமார் 40 சதவீதம் பேருக்கு எதுக்களிப்பு இருந்தது. “தெரியாமலே மேலே வரும்” என்று நாங்கள் சொன்னது சரிதான்! ஆனால் அவர்களுக்கும் மாத்திரையால் ஆஸ்துமா குறையவில்லை. இந்த இடத்தைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் எழுதிக் கொடுத்த சீட்டுகள்தான் நினைவுக்கு வந்தன.

குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2012-ல் வந்தது. 306 குழந்தைகள், அதே வகை மாத்திரையான லான்சோப்ரசோல், அதே 24 வாரம். ஆஸ்துமாவில் முன்னேற்றம் இல்லை. அதைவிட முக்கியம், மருந்து எடுத்த குழந்தைகளில் 63 சதவீதம் பேருக்குச் சளி, தொண்டை போன்ற சுவாசத் தொற்று வந்தது. மற்ற குழுவில் அது 49 சதவீதம். “கொடுத்துப் பார்ப்போம், கெடுதல் ஒன்றும் இல்லையே” என்ற பேச்சை நான் அதோடு விட்டுவிட்டேன்.

நெஞ்செரிச்சலும் இரவு இளைப்பும் சேர்ந்தே இருக்கிறவர்களின் நிலைமை கொஞ்சம் வேறு. 2006-ல் வந்த, 770 பேர் கலந்துகொண்ட ஓர் ஆய்வில் அவர்களுக்கு மட்டும் மூச்சை வெளியே ஊதும் வேகம் சற்றுக் கூடி, முன்னேற்றம் தெரிந்தது. சற்றுத்தான், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. இன்னொன்று, இந்த மாத்திரை எதுக்களிப்பைத் தடுப்பதில்லை. இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைக்கிறது, அவ்வளவுதான். மேலே வருவது வந்துகொண்டுதான் இருக்கும், புளிப்பு குறைந்திருக்கும். ஆய்வுகள் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் இருந்தால் அதற்காக மாத்திரை எடுங்கள், அதில் தப்பே இல்லை. அது இல்லாமல் இளைப்பு மட்டும் அடங்கவில்லை என்றால், அடுத்த முறை போகும்போது இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோய் மருத்துவர் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள். மருந்து நுரையீரலுக்குப் போகாமல் நாக்கிலேயே தங்கிவிடுவதை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன், பல வருடம் பழகியவர்களிடம்கூட.

ஏற்கெனவே மாதக்கணக்கில் அந்த மாத்திரையை எடுத்து வருகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் சில வாரங்களுக்கு அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கலாம். “இது எனக்கு எதற்காக?” என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். தேவையில்லை என்றால் அவரே படிப்படியாகக் குறைத்துவிடுவார்.

வணக்கம்.