இக்காரசும் ஒரு கவுதாரியும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் நடுநிலைப் பள்ளிகளில், பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில், ஆங்கிலப் பாடம் என்பது இலக்கணமும் சொல்வளமும் மட்டுமன்று. கதை படிப்பதும், படித்ததைப் பற்றிக் கட்டுரை எழுதுவதும் அதன் பெரும்பகுதி. அந்தக் கதைகளில் கிரேக்க, உரோமானியத் தொன்மங்களுக்கு நிலையான இடமுண்டு. 2010-இல் வெளியாகிப் பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட ‘காமன் கோர்’ பாடத்தரம், தொன்மப் பாத்திரங்களைச் சுட்டும் சொற்களின் பொருளை நான்காம் வகுப்பிலேயே அறியச் சொல்கிறது. இக்காலக் கதையொன்று பழைய தொன்மத்திலிருந்து எதை எடுத்துக்கொண்டு எவ்வாறு புதிதாக்குகிறது என்பதை எட்டாம் வகுப்பில் ஆராயச் சொல்கிறது.

கட்டுரை எழுதப் பழக்குவதற்குத் தொன்மத்தைவிட ஏற்ற பொருள் இல்லை என்பது என் எண்ணம். மாணவருக்குக் கதை முன்பே தெரியும், அல்லது தெரியும் என்று அவர் நம்பிக்கொண்டிருப்பார். நினைவில் இருக்கும் கதைக்கும் ஏட்டில் இருக்கும் கதைக்கும் உள்ள இடைவெளியில்தான் கட்டுரைக்குரிய வேலை தொடங்குகிறது.

கிரேக்கத் தொன்மத்தில் வரும் இக்காரஸ் என்னும் சிறுவனின் கதையைப் பாருங்கள். மெழுகால் ஒட்டிய சிறகுகளைப் பூட்டிக்கொண்ட அவன், தந்தையின் சொல்லைக் கேளாமல் சூரியனை நெருங்கிப் பறந்தான், மெழுகு உருகியது, கடலில் விழுந்தான். ஆகவே பெரியோர் சொல் கேட்க வேண்டும் என்று பதினோரு வயதுப் பிள்ளை நான்கே வரியில் எழுதி முடித்துவிடும். அப்போது ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதற்குச் சான்று எந்த வரியில் இருக்கிறது?

கி.பி. 8-ஆம் ஆண்டளவில் உரோமானியக் கவிஞன் ஓவிட் இயற்றிய ‘உருமாற்றங்கள்’ என்னும் காவியத்தின் எட்டாம் நூலைத் திறந்தால், தந்தை டெடலஸ் ஓர் எச்சரிக்கையை அல்ல, இரண்டைத் தருகிறான். மிகத் தாழ்ந்து பறந்தால் கடல்நீர் இறகுகளைக் கனக்கச் செய்யும், மிக உயர்ந்தால் வெயில் எரிக்கும், இரண்டுக்கும் நடுவே பற என்கிறான். சிறகைப் பூட்டும்போது அவன் கன்னங்கள் நனைகின்றன, கைகள் நடுங்குகின்றன. ஆபத்தை அறிந்தே மகனை அழைத்துச் செல்லும் ஒருவனைப் படித்த பிறகு, முழுப் பழியையும் சிறுவன் தலையில் சுமத்திய அந்த நான்கு வரிகள் அப்படியே நிற்க முடியாது.

அதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பள்ளிச் சுருக்கங்கள் பெரும்பாலும் விட்டுவிடுவதும் அதைத்தான். டெடலஸ் மகனைப் புதைக்கும்போது ஒரு கவுதாரி சிறகடித்துக் களிக்கிறது. அது ஒருகாலத்தில் அவனுடைய சகோதரியின் மகன்; அவனிடம் தொழில் கற்க வந்தபோது வயது பன்னிரண்டு. மீன் முள்ளைப் பார்த்து இரம்பத்தையும், இரண்டு இரும்புக் கால்களை இணைத்து வட்டம் வரையும் காம்பஸையும் கண்டுபிடித்த அந்தச் சிறுவனைப் பொறாமையால் மினர்வா தேவியின் கோட்டை உச்சியிலிருந்து தள்ளிவிட்டு, அவன் தவறி விழுந்தான் என்று பொய் சொன்னவன் இதே டெடலஸ். விழும்போதே தேவி அவனைப் பறவையாக்கிக் காப்பாற்றினாள். பழைய வீழ்ச்சியை மறவாததால் அந்தப் பறவை இன்றும் உயரே பறப்பதில்லை என்கிறான் ஓவிட். ஆறாம் வகுப்பு மாணவரின் வயதையொத்த ஒரு சிறுவன், அவர் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்ட கதைக்குள் ஒளிந்திருக்கிறான்.

நம் பள்ளிகளின் முன்னுரை, பொருளுரை, முடிவுரை போல அங்கே ஐந்து பத்திக் கட்டுரை என்றொரு சட்டகம் பரவலாகக் கற்பிக்கப்படுகிறது: முதற்பத்தியில் மையக் கருத்து, மூன்று பத்திகளில் காரணங்கள், கடைசியில் முடிவு. எழுதத் தொடங்குவோருக்கு அது நல்ல ஊன்றுகோல், மறுப்பதற்கில்லை. ஆனால் மூன்று காரணம் வேண்டும் என்பதற்காகவே வலுவற்ற மூன்றாவது காரணத்தை ஒட்டவைக்கும் பழக்கமும் அதிலிருந்துதான் வருகிறது. இக்காரசைப் பற்றிய முதல் வரைவில் மூன்று காரணங்களும் சரியாக அமர்ந்திருக்கும். கவுதாரிக்குத்தான் இடம் இருக்காது. அதை எங்கே வைப்பது என்று தவித்து, மையக் கருத்தையே அடித்துத் திருத்தி, ஆறாவது பத்திக்குப் போய்விட்ட இரண்டாம் வரைவுக்கு நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

நன்றி, வணக்கம்.