லிங்கன் குடும்பத்தின் காட்டுப் பண்ணை: பட்டா, கோடரி, வேலி, பசு

[திரையில்: கென்டக்கியிலிருந்து ஒஹாயோ ஆற்றைத் தாண்டி இண்டியானாவின் தெற்குப் பகுதிக்குப் போகும் பாதை]

1816 டிசம்பரில் தாமஸ் லிங்கன் என்ற தச்சர், மனைவி நான்சி, மகள் சாரா, ஏழு வயது மகன் ஆபிரகாம் ஆகியோரோடு இண்டியானாவின் லிட்டில் பிஜன் கிரீக் காட்டுக்கு வருகிறார். பையன் பின்னாளில் ஜனாதிபதி ஆனதால், இந்த இடத்தை அவர் வளர்ந்த வீடாகத்தான் எல்லாரும் காட்டுவார்கள். நாம் இதை ஒரு பண்ணையாகப் பார்ப்போம்.

முதலில் பட்டா. கென்டக்கியில் நில எல்லை என்பது ‘அந்த ஓக் மரம் முதல் இந்த ஓடை வரை’ என்கிற ரகம். ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று பேர் பத்திரத்தோடு வந்து நிற்பார்கள். 1808-இல் 200 டாலருக்கு வாங்கிய 300 ஏக்கர் தாமஸின் கையை விட்டுப் போனதும் பத்திரத் தகராறில்தான். ஊரை விட்டதற்கு அடிமை முறையும் ஒரு காரணம், ஆனால் முக்கியக் காரணம் பட்டாச் சிக்கலே என்று மகன் பிற்பாடு எழுதியிருக்கிறார்.

[திரையில்: சதுரக் கட்டங்களாக அளந்த நில வரைபடம்]

இண்டியானாவில் அந்தக் குழப்பம் இல்லை. டெலவேர், பியன்கஷா பழங்குடிகளிடமிருந்து 1804 ஒப்பந்தத்தில் எடுத்த நிலத்தை, அரசு சதுர மைல்களாக அளந்து வைத்துவிட்டுத்தான் விற்றது. ஒரு சதுர மைல் 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160. ஏக்கர் 2 டாலர். 1817-இல் வின்சென்ஸ் நில அலுவலகத்தில் தாமஸ் கட்டியது 80 டாலர். மீதி 240-ஐக் கட்டவே முடியவில்லை. 1827-இல் பாதி நிலத்தை அரசிடமே திருப்பிக் கொடுத்து, 80 ஏக்கரை மட்டும் சொந்தமாக்கிக்கொண்டார்.

அடுத்தது கோடரி. அடர்ந்த காட்டில் எல்லா மரத்தையும் வெட்டிச் சாய்க்க ஒரு குடும்பத்தால் ஆகாது. சின்ன மரங்களை வெட்டிவிட்டு, பெரிய மரங்களில் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதையொட்டி உள்ளே இருக்கும் மர அடுக்கையும் வளையமாகச் செதுக்கிவிடுவார்கள். மரம் நின்றபடியே பட்டுப்போகும். இலை உதிர்ந்தால் தரையில் வெயில் விழும். அந்த மொட்டை மரங்களுக்கு நடுவிலேயே விதைப்பு. வளையத்தில் ஓரிடம் விட்டுப்போனாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். சில வருஷம் கழித்து உளுத்த கிளைகள் பயிர்மேலும் மாட்டின்மேலும் ஆள்மேலும் விழும்.

வேரோடிய மண்ணில் கலப்பை துள்ளும். அதனால் முதல் பயிர் மக்காச்சோளம்: மண்வெட்டியால் நாலடிக்கு ஒரு குழி, குழிக்கு நாலு விதை. ஏக்கருக்குச் சுமார் 2,700 குழி வரும். இடையில் அவரையும் பூசணியும். புதுக்காட்டு மண்ணில் கோதுமை போட்டால் சத்து மிஞ்சித் தாள் மட்டும் ஓங்கி வளர்ந்து சாய்ந்துவிடும். அதற்குச் சில வருஷம் பொறுக்க வேண்டும்.

[திரையில்: கட்டை வேலியின் மூலை, அருகில்]

இப்போது வேலி. மாட்டை அடைக்க அல்ல, பயிரை அடைக்க. மாடும் பன்றியும் காட்டில் தாமாக மேயும். பன்றியின் காதில் வெட்டிய அடையாளம்தான் சொந்தக்காரனைச் சொல்லும். நேரான நார் ஓடும் 11 அடிக் கட்டையை எடுத்து, நுனியில் இரும்பு ஆப்பை மரச் சம்மட்டியால் இறக்குவார்கள். பிளவு ஓடத் தொடங்கியதும் மர ஆப்புகளை அதில் செருகிக்கொண்டே போக வேண்டும். முறுக்கிய மரமென்றால் ஆப்பு சிக்கிக்கொள்ளும், பிளவு குறுக்கே ஓடி நாள் வேலை பாழ். பிளந்த கட்டைகளை வளைந்து வளைந்து போகிற மாதிரி அடுக்கினால் ஆணியும் வேண்டாம், கம்பக் குழியும் வேண்டாம். மூலைகளுக்கு அடியில் கல் வைக்காவிட்டால் அடிக்கட்டை முதலில் உளுக்கும். பத்து ஏக்கர் சதுர வயலின் சுற்றளவு 2,640 அடி. ஒரு மடிப்பு ஒன்பதடி, எட்டுக் கட்டை உயரம் என்று வைத்தாலே சுமார் 2,350 கட்டை. மூலைக்கு மேல் சாத்துகிற கட்டை இதில் சேரவில்லை.

இந்த ஏற்பாட்டில்தான் ஆபத்தும் இருந்தது. கோடை முடிந்து புல் காய்ந்ததும், காட்டில் மேயும் பசு நிழலில் வளரும் வெள்ளைப் பூச்செடி ஒன்றைத் தின்னும்; அமெரிக்காவில் அதற்கு ஒயிட் ஸ்னேக்ரூட் என்று பெயர். அதன் நஞ்சு பாலில் இறங்கும். மாட்டுக்கு நடுக்கம், பாலைக் குடித்தவருக்கு வாந்தி, மயக்கம், பிறகு சாவு. இந்தப் பால் நோயில்தான் 1818 அக்டோபர் 5-இல் நான்சி 34 வயதில் இறந்தார். பசுவோ கன்றோ நடுங்குகிறதா என்று பார்ப்பதைத் தவிர, பால் கெட்டதைக் கண்டுபிடிக்க அன்று வழியில்லை. ட்ரெமெட்டால் என்று பெயரிட்ட அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தது 1928-இல்.

1830-இல் பால் நோய் மறுபடி வருகிறது என்ற பேச்சு கிளம்பியதும், தாமஸ் பண்ணையை விற்றார். பக்கத்தில் சேர்த்து வாங்கியிருந்த 20 ஏக்கரோடு மொத்தம் 100 ஏக்கர், 125 டாலர். 1820 சட்டத்துக்குப் பிறகு அரசின் காட்டு நிலமே ஏக்கர் 1.25 டாலர். அதாவது, பதின்மூன்று வருஷம் வெட்டிய காட்டுக்கும் போட்ட வேலிக்கும் ஒரு சென்ட்கூடக் கூலி இல்லை!

குடும்பம் இல்லினாயில் டெகாட்டூர் அருகே குடியேறியது. அங்கே ஆபிரகாம் பத்து ஏக்கருக்கு வேலிக்கட்டை பிளந்தார். 1860 தேர்தலில் அதில் இரண்டைக் கட்சிக் கூட்டத்துக்குத் தூக்கிவந்தபோது, ‘1830-இல் பிளந்த 3,000 கட்டைகளில் இரண்டு’ என்று பதாகை சொன்னது. நம் கணக்கோடு மூலைக்கட்டைகளையும் சேர்த்தால் அது கிட்டத்தட்ட சரிதான். தேர்தல் விளம்பரத்துக்கு இது அபூர்வமான நேர்மை.